எட்டு கோர் இருந்தால் எட்டு மடங்கு வேகமா?

திருமானூர்ச் செல்லங்களே, புதுக் கைப்பேசி வந்த அட்டைப்பெட்டியில் ‘ஆக்டா கோர்’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே இருக்கும் செயலியில் எட்டு கோர்கள் உண்டு என்று அர்த்தம். கோர் என்பது கணக்குப் போடும் உறுப்பு. அப்படியானால் அந்தக் கைப்பேசி எட்டு மடங்கு வேகமாக ஓடுமா?

இந்தக் கேள்வி ஏற்கெனவே உங்கள் மனதில் எழுந்திருந்தால், சபாஷ்! கணினிப் பொறியாளர்களே மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி இது.

கொள்ளிடக் கரைப் பிள்ளைகளுக்கு நடவு தெரியாமல் இருக்குமா? அதை வைத்தே பார்த்துவிடுவோம்.

ஒரு வயலைப் பத்துப் பங்காகப் பிரிக்கிறோம். ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறார். முதல் பங்கில் கொஞ்சம் நடுகிறார். அப்புறம் இரண்டாவதில் கொஞ்சம், மூன்றாவதில் கொஞ்சம். பத்துப் பங்கிலும் வேலை நகர்கிறது. ஆனால் மொத்த நேரம் குறைந்ததா? இல்லை. மாறி மாறி நடந்ததில் கால்தான் வலிக்கும்.

இப்போது பத்து ஆட்கள் இறங்குகிறார்கள். ஆளுக்கு ஒரு பங்கு. மளமளவென்று நடவு முடிகிறது.

கணினியிலும் இதே கதைதான். வேலையின் ஒவ்வொரு பங்குக்கும் ‘இழை’ என்று பெயர். வேலை செய்யும் ஆள்தான் கோர். எந்த இழையை எந்த கோர் செய்யட்டும் என்று பிரித்துவிடுவது இயங்குதளம். ஒரே கோர் இருந்தால் இழைகள் மாறி மாறித்தான் ஓடும். பல கோர் இருந்தால் உண்மையிலேயே ஒரே நேரத்தில் ஓடும். வித்தியாசம் புரிகிறதா? புரியாவிட்டால் மேலே உள்ள வயலுக்கு இன்னொரு முறை போய்விட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

சரி, பல ஆட்கள் எதற்கு? ஒரே ஆளை இன்னும் வேகமாக நடச் சொல்லலாமே? முன்பு அப்படித்தான் செய்தார்கள். ஒரே கோரை ஆண்டுக்கு ஆண்டு வேகப்படுத்தினார்கள். அதன் வேகம் நொடிக்கு 300 கோடித் துடிப்புகளைத் தாண்டியபோது சூடு தாங்கவில்லை. அதனால் 2005 வாக்கில், வீட்டுக் கணினிகளிலும் ஒரே சில்லுக்குள் இரண்டு கோர்களை வைக்க ஆரம்பித்தார்கள். பிறகு நான்கு, எட்டு என்று பெருகின.

இனிதான் சிக்கல். நடவுக்கு முன்னால் நாற்று வளர வேண்டும். அதற்கு 25 நாள் போல ஆகும். பத்துப் பேர் நாற்றங்காலைச் சுற்றி நின்றால் இரண்டரை நாளில் வளர்ந்துவிடுமா? வளராது! எல்லா வேலையிலும் இப்படிப் பிரிக்க முடியாத பகுதி கொஞ்சம் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கோர் செய்தால் 100 நிமிடம் ஆகும் வேலை. அதில் 80 நிமிட வேலையைப் பிரிக்கலாம். 20 நிமிட வேலையைப் பிரிக்க முடியாது. இரண்டு கோர் என்றால் 40-உம் 20-உம் சேர்ந்து 60 நிமிடம். நான்கு கோர் என்றால் 40 நிமிடம். எட்டு கோர் என்றால் 30 நிமிடம். எட்டு மடங்கு வேகம் வந்ததா? மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆயிரம் கோர் போட்டாலும் 20 நிமிடத்துக்குக் கீழே இறங்காது. ஜீன் அம்டால் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1967-இல் எடுத்துச் சொன்னது இதைத்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நினைவகத்தில் ஓர் இடத்தில் 40 என்ற எண் இருக்கிறது. இரண்டு இழைகள் அதில் ஆளுக்கு ஒன்று கூட்ட வேண்டும். முதல் இழை 40 என்று படிக்கிறது. அது எழுதி முடிப்பதற்குள் இரண்டாவதும் 40 என்று படித்துவிடுகிறது. இரண்டும் 41 என்று எழுதுகின்றன. விடை 42 வர வேண்டாமா? ஒன்று காணாமல் போய்விட்டது!

இதைத் தடுக்க அந்த இடத்துக்கு ஒரு பூட்டுப் போடுவார்கள். ஒன்று எழுதி முடிக்கும்வரை மற்றது காத்திருக்கும். தப்பு வராது. ஆனால் காத்திருக்கும் கோர் சும்மா நிற்கும். அதனால் கெட்டிக்கார நிரலாளர் வேறு வழி பார்ப்பார். ஒவ்வோர் இழையும் தனித்தனியாக எண்ணட்டும், கடைசியில் ஒரே ஒரு முறை கூட்டிக்கொள்ளலாம் என்பார்.

ஆட்களைக் கூட்டுவது சுலபம். ஒருவருக்காக ஒருவர் நிற்காதபடி வேலையைப் பிரிப்பதில்தான் சாமர்த்தியம்.

இந்தச் சாமர்த்தியம் நம் நாட்டுக்கு ஒரு சமயம் பெரிதும் கைகொடுத்தது. 1980-களில் அமெரிக்காவின் ‘க்ரே’ சூப்பர் கணினியை நாம் விரும்பியபடி வாங்க முடியவில்லை. அதனால் 1988-இல் புனேயில் ‘சி-டாக்’ நிறுவனம் தொடங்கியது. விஜய் பட்கர் தலைமையில் அங்கிருந்தவர்கள், ஒரு ராட்சதக் கணினிக்குப் பதில் சின்னச் சின்னச் செயலிகளைப் பிணைத்துச் சேர்ந்து வேலை செய்ய வைத்தார்கள். 1991-இல் 64 செயலிகளோடு ‘பரம் 8000’ வந்தது.

அதன் வம்சத்தில் வந்த ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, தெரியுமா? திருச்சி துவாக்குடியில் உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில், 2022 மே 25 அன்று ‘பரம் பொருள்’ சூப்பர் கணினியைத் தொடங்கி வைத்தார்கள். அதன் உச்ச வேகம் 838 டெராஃப்ளாப்ஸ். அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்குகள்! சூடு ஏறாமல் இருக்க உள்ளே குளிர்திரவம் ஓடுகிறது.

இத்தகைய கணினிகளிடம் வானிலைக் கணக்கைக் கொடுத்தால் என்ன செய்யும்? வரைபடத்தைச் சிறு சிறு கட்டங்களாக வெட்டிப் பல செயலிகளுக்குப் பங்கு போடும். ஒவ்வொரு செயலிக்குள்ளும் பல கோர்கள், அவற்றில் பல இழைகள். திருமானூர்க் கட்டத்தில் வீசும் காற்று அடுத்து திருவையாற்றுக் கட்டத்துக்குள் நுழையும் அல்லவா? அதனால் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் அவ்வப்போது எல்லைச் செய்தியைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். அந்தப் பேச்சு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு வேகம்.

இனி உங்கள் முறை. மூன்று நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்; உங்களோடு நான்கு பேர். முதல் கணக்கு: 1 முதல் 1000 வரை உள்ள எண்களைக் கூட்டுங்கள். ஆளுக்கு 250 எண்கள். சரியாகச் செய்தால் 500500 வரும். இரண்டாவது கணக்கு: 7-ஐ இரட்டித்து 1 கூட்டுங்கள். வந்த விடையை மறுபடி இரட்டித்து 1 கூட்டுங்கள். இப்படியே பத்து முறை செய்யுங்கள்.

எந்தக் கணக்கில் நான்கு பேர் இருந்தது உதவியது? எதில் மூன்று பேர் வேடிக்கை பார்த்தார்கள்? காரணத்தை உங்கள் சொந்த வார்த்தைகளில் இரண்டே வரியில் நோட்டில் எழுதுங்கள், பார்க்கலாம்.