மரக் காற்றாடியின் பூர்வீகம்

பண்டாரவளைப் பக்கத்துப் பழைய துரை பங்களா ஒன்றின் தட்டுமுட்டுச் சாமான்கள் விலைக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசை, அலுமாரி, பித்தளை விளக்கு. இவற்றோடு ஆள் உயரத்துக்கும் மேலான, இரண்டு பக்கமும் முறுகிய ஒரு மரத்துண்டு. நடுவில் பெரிய துளை. அதைச் சுற்றிச் சிறிய ஆணித்துளைகள். "பிளேன் காற்றாடி! யுத்தக் காலத்தில் விழுந்த ஜப்பான்காரனுடையது" என்பார் விற்பவர்.

தியத்தலாவையில் 1900ஆம் ஆண்டிலிருந்தே படைமுகாம் இருப்பதால், ஊவாவில் எந்தப் பழைய பொருளுக்கும் ஒரு யுத்தக் கதை சுலபமாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் இந்தக் கதை நிற்காது. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பையும் 9இல் திருகோணமலையையும் தாக்கிய ஜப்பானிய விமானங்களின் காற்றாடிகள் உலோகத்தால் ஆனவை.

அப்படியானால் இது எங்கே பிறந்தது? விடை அதன் உடம்பிலேயே இருக்கிறது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் குடம் இருப்பதுபோலக் காற்றாடிக்கும் நடுவில் ஒரு குடம் உண்டு. அதன் மேலோ பக்கவாட்டிலோ சிறிய எழுத்துகளும் இலக்கங்களும் குத்தப்பட்டிருக்கும். 1914-18 யுத்தக் காலத்துப் பிரித்தானியக் காற்றாடி என்றால் வரைபட இலக்கம், எந்த என்ஜினுக்கு உரியது, அதன் குதிரைவலு, பரிசோதகரின் முத்திரை என்று பலவும் கிடைக்கும். 'டி' என்ற ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் விட்டம். 'பி' என்பதற்குப் பக்கத்தில் 'பிட்ச்'. ஸ்குரூ ஆணியை ஒரு சுற்றுத் திருகினால் அது எவ்வளவு உள்ளே போகிறதோ, அதுபோல ஒரு சுற்றில் காற்றாடி கணக்குப்படி முன்னேற வேண்டிய தூரம்தான் பிட்ச். வரைபட இலக்கம் தெரிந்தால், அது எந்த விமானத்துக்காகச் செய்யப்பட்டது என்பதைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் பாட்டன் பாட்டிமாரிடம் பூர்வீகத்துக்குக் காகிதம் கேட்டது. இந்த மரத்துண்டோ தன் பிறப்புப் பத்திரத்தை நெஞ்சிலேயே சுமந்துகொண்டிருக்கிறது!

ஜெர்மன் காற்றாடிகளில் செய்தவரின் பெயர் பளிச்சென்று இருக்கும். அவற்றில் ஒன்று 'கருடா'. ஆம், விஷ்ணுவின் வாகனமேதான். பெர்லினில் இருந்த கம்பனி அந்தப் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டது. அதைப் பார்த்துவிட்டு இந்தியாவில் செய்தது என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது.

இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் டிப்பன்ஹம் தொழிற்சாலையில் அந்த யுத்தத்தின்போது காற்றாடி செய்யும் வேலையில் பெண்களும் இருந்தார்கள். அவர்கள் வேலை செய்யும் புகைப்படங்கள் இருக்கின்றன. முத்திரையில் அவர்கள் பெயர் இல்லை.

இலக்கம் அழிந்திருந்தால் மரத்தைப் பார்க்க வேண்டும். ஒரே பலகையில் செதுக்கினால் வெயிலிலும் ஈரத்திலும் அது கோணிவிடும். அதனால் மஹோகனி, வால்நட் போன்ற மரங்களின் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பசையிட்டு ஒட்டி, பிறகு செதுக்கினார்கள். ரைட் சகோதரர்களின் 1903ஆம் ஆண்டு விமானத்தில் இருந்த எட்டரை அடிக் காற்றாடிகளும் இப்படி ஒட்டிச் செய்தவைதான். ஒட்டுக்கோடுகள் வரிவரியாகத் தெரியும். கோடே இல்லாத ஒற்றை மரம் என்றால் சந்தேகப்படுங்கள். சுவர் அலங்காரத்துக்கென்றே செய்து விற்கும் போலிகள் ஏராளம். நுனியில் பித்தளைத் தகடோ துணியுறையோ இருந்தால், மழைத்துளியும் கல்லும் மரத்தை அரிக்காமல் இருக்கப் போட்ட கவசம் அது.

இரண்டு இலைகளும் சேர்ந்து ஒரே துண்டாக இல்லாமல், தனி இலை ஒன்று மட்டும் கிடைத்தால்? அழுத்திய மரத்தில் தனித்தனி இலைகளாகச் செய்து, உலோகக் குடத்தில் பொருத்தும் முறை இரண்டாம் உலக யுத்தத்தில் இருந்தது. சில ஹரிகேன் போர் விமானங்களின் காற்றாடி அப்படிப்பட்டது. 1942இல் கொழும்பைக் காக்கப் பறந்தவையும் ஹரிகேன்கள்தான். ஒரே துண்டான இரண்டு இலைக் காற்றாடி என்றால் டைகர் மோத் போன்ற பயிற்சி விமானத்துடையதாகவும் இருக்கலாம்.

இன்னொரு வழியும் உண்டு. முதல் யுத்தத்தில் இலங்கையில் திரட்டிய பணத்தில் பிரித்தானியாவுக்கு விமானங்கள் வாங்கிக் கொடுக்கப்பட்டன. ஒன்றுக்கு 'இலங்கையிலிருந்து ஒரு வயற்கொக்கு' என்று பெயர். அந்த யுத்தத்தில் உடைந்த காற்றாடிகளைப் படையினர் ஞாபகப் பொருளாக வீட்டுக்குக் கொண்டுபோய், குடத்தில் மணிக்கூடு பொருத்திச் சுவரில் மாட்டியதும் உண்டு. மணிக்கூட்டுக்காகத் துளையைப் பெரிதாக்கியபோது போனது அந்த எழுத்துகள்தான்.

இப்போது போவதும் அப்படித்தான். பளபளப்பாக இருந்தால் நல்ல விலை போகும் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் பூசுகிறார்கள். ஒரு மாலை வேலையில் நூறு வருடச் சாட்சி தூளாகிவிடும். பங்களாவிலோ வீட்டிலோ தூசி தட்டும் வேலை பெரும்பாலும் நம் கையில்தானே? உலர்ந்த மெல்லிய துணி போதும். எண்ணெய் வேண்டாம்.

எழுத்து மங்கலாக இருந்தால் டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். அல்லது பிள்ளைகள் காசின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பார்களே, அதுபோல மெல்லிய தாளில் மெதுவாகப் படியெடுங்கள். முழு நீளம், குடத்தின் தடிப்பு, நடுத்துளையின் அகலம், ஆணித்துளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றையும் குறித்து, புகைப்படங்களோடு இரத்மலானை விமானப்படை நூதனசாலையில் கேட்டுப் பார்க்கலாம். விலை பேசுவது அதற்குப் பிறகு.