போத்து தழைத்தால் போதுமா?

ஊத்தங்கரை வட்டத்துச் சாமல்பட்டியில் நம் அங்கத்தினர் ஒருவர், கடன் பெற்றுத் திராட்சை வேர்ச்செடிகளை வாங்கினார். பைதோறும் பச்சைத் தளிர்! மூன்று வாரங்களில் பாதிக்குமேல் கருகிவிட்டன. கடன் மனுவைப் பரிசீலித்துக் கையொப்பமிட்டவன் நானே. ஒரு பையையாவது பிரித்துப் பார்த்தேனா? இல்லை.

குச்சி முதலில் தழைப்பது தன்னுள் சேமித்த மாவுச்சத்தைக் கொண்டே. வேர் இறங்காமலும் இலை விடும். அவ்விலைகள் நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். ஈடு செய்ய வேர் இராது. எனவே தளிர் வேருக்குச் சாட்சியன்று.

மாமரத்தில் இத்தொல்லை இல்லை. மாங்குச்சி எளிதில் வேர் விடாததால், கொட்டை நாற்றின்மீதே பெங்களூராவை ஒட்டுகிறோம். ஆனால் விதை நாற்றுகள் பெரும்பாலும் ஒன்றுபோல் இரா. போத்தோ தாய்ச்செடியின் குணத்தை அப்படியே கொண்டிருக்கும்.

திராட்சைக்கு இது பெரிய உதவி. 1860-களில் பிரான்சுத் தோட்டங்களை வேர்ப்பேன் அழித்தபோது, அமெரிக்கக் கொடிகளின் வேர்மீது உள்நாட்டு வகைகளை ஒட்டியே மீண்டனர். அமெரிக்காவின் டெக்ஸாஸ் பகுதியைச் சேர்ந்த 'டாக்ரிட்ஜ்' வறட்சியையும் உவர்நீரையும் தாங்குவதால், இன்று இந்தியத் தோட்டங்களிலும் வேர்ச்செடியாகப் பயன்படுகிறது. ஆயினும் அதன் போத்து வேர் பிடிப்பதில் சற்றுப் பிடிவாதமுடையது.

ஓராண்டு முதிர்ந்த, பென்சில் பருமனுள்ள கொடியில் நான்கு கணுக்கள் உள்ள துண்டுகளைத் தேர்க. அடி வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், மேல் வெட்டு சாய்வாகவும் இருக்கட்டும். தலைகீழாக நடும் பிழை நேராது. இண்டோல் பியூட்ரிக் அமிலம் லிட்டருக்கு 2 கிராம் கலந்த கரைசலில் அடிப்பாகத்தைச் சில விநாடிகள் நனைத்து நடலாம். இத்தூள் தண்ணீரில் எளிதில் கரையாது. முதலில் சிறிது சாராயத்தில் கரைத்துப் பின் நீர் சேர்க்க வேண்டும். (அதைக் கணக்கில் எழுதும்போது எந்தச் சாராயம் என்றும் எழுதிவிடுங்கள்!) நிழலும் ஈரமும் தேவை, நீர் தேங்கினால் அடி அழுகும்.

நெசவாள அன்பர்கள் நூலின் நம்பர் பாராமல் சிட்டம் வாங்குவதில்லை. நாற்றுக்கும் அவ்விதமே நூற்றுக்குப் பத்துப் பைகளை விற்பவர் முன்னிலையில் பிரித்து, வேரைக் கண்ட பின்னரே பணம் கொடுக்கலாம். இனி என்னிடம் வரும் மனுக்களில் அந்தப் பத்தின் விவரத்தையும் கேட்பேன்.