மறதிநோயும் மலைநாட்டு முதியோரும்

ஈழத்தமிழில் 'அறளை பெயர்தல்' என்றொரு வழக்கு உண்டு. முதுமையில் மதி தடுமாறி, சொன்னதையே மீண்டும் மீண்டும் சொல்வோரை இத்தொடராற் குறிப்பர். அதில் இரக்கத்தினும் எள்ளலே மிகுதி. மருத்துவ நூலார் 'டிமென்ஷியா' என வழங்கும் மறதிநோய் பெரும்பாலும் இதுவே. அது வயதின் இயல்பன்று. மூளையைப் பற்றும் நோய்களின் விளைவு. அவற்றுள் தலையாயதை ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் 1906ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். கொழும்பை அடுத்த ராகமையில் நடத்தப்பெற்று 2003இல் வெளியான ஆய்வு, 65 வயதும் அதற்கு மேலும் ஆனோர் நூற்றுவருள் ஏறக்குறைய நால்வரிடம் இந்நிலையைக் கண்டது.

அல்சைமர் நோயில், புதிய நினைவுகளைப் பதித்துவைக்கும் மூளைப்பகுதியே பெரும்பாலும் முதலிற் பழுதுறும். ஆதலின் காலையில் உண்டது மறக்கும். இளமையிற் கண்டது நெடுநாள் நிற்கும். கண்டி நகரைச் சூழ்ந்த ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை மலைகளில் இவ்வுண்மை தனியொரு தோற்றங் கொள்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். அம்மலைகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் உழைத்துவருகின்றனர். நாற்பதாண்டு கொழுந்து பறித்த மூதாட்டி, வேலை விட்டுப் பல்லாண்டு கழிந்த பின்னர், விடியுமுன் எழுந்து கூடையைத் தேடிப் பிரட்டுக்களத்துக்குப் புறப்படுவாராயின், லயத்தார் அதனைப் பித்தென்பர். பேயென்று கோடாங்கியை அழைப்போரும் உளர். உண்மையில் அவர் உள்ளத்தில் எஞ்சிநிற்பது அவ்வுழைப்பே. வேலை முடிந்துவிட்டதென்று வாதிடுவதிற் பயனில்லை. ஒரு பிடி கீரையைக் கொடுத்து ஆயச் சொன்னால் அமைதி பெறல் கூடும். பழகிய தொழிலை விரல்கள் அவ்வளவு எளிதில் மறப்பதில்லை.

"வயது போனால் இப்படித்தான்" என்னுஞ் சொல் பரிவுடையது போலத் தோன்றினும் கேடு பயப்பது. தைரொயிட் சுரப்புக் குறை, பி12 உயிர்ச்சத்துக் குறை, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைத் தோற்றுவிக்கும். இவை மருத்துவத்தால் தணியத்தக்கன. கண்டிக்கோ பேராதனைக்கோ கொண்டுசென்று காட்டாது திண்ணையில் இருத்திவிடின், தணியக்கூடியதும் தணியாது போம். அல்சைமர் நோயை முற்ற நீக்கும் மருந்து இன்றும் இல்லை என்பது மெய்யே. எனினும், இது நோயென அறிந்த வீட்டில், முதியவர் வேண்டுமென்றே தொல்லை தருகிறார் என்னும் சினத்துக்கு இடமில்லை.

லயத்து வாழ்க்கையிற் கடினமானது பகற்பொழுதே. மகளும் மருமகளும் மலைக்குப் போனபின் காப்பவர் யார்? கைக்குழந்தைக்குப் பிள்ளைக்காம்பரா உண்டு. செங்குத்தான படிகளும் ஆழ்ந்த கான்களும் உள்ள இடத்தில் வழிதவறும் முதியவர்க்கு அத்தகைய இடம் வழக்கில் வரவில்லை. அயலார் கண்ணே காவல், அன்றேல் பூட்டிய கதவு. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடனென விதிக்கிறது. நாட்கூலியை இழந்து அக்கடனை ஆற்றுவது எங்ஙனம் என்பதை லயத்துக் குடும்பமே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.