மோர்ஸ் அடிக்க எந்த ரேடியோ வாங்கலாம்? வாட்டை விடுங்க, காதைக் கவனிங்க

ஹாம் ரேடியோ பக்கம் புதிதாக எட்டிப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எத்தனை வாட்டுங்க?" பைக் வாங்கும்போது சிசி கேட்கிற மாதிரி. குரலில் பேசுவதற்குத்தான் ரேடியோ என்றால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கு. மோர்ஸ் அடிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால், அது கடைசியில் கேட்க வேண்டியது.

மோர்ஸா? அதான் தந்தியே போயிடுச்சே என்று தோன்றலாம். உண்மைதான், 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தி சேவைக்கு மூடுவிழா நடந்துவிட்டது. இப்போது அந்தச் சொல் நாளிதழ் பெயரிலும், வயசானவர்கள் பேச்சிலும்தான் மிச்சம். ஆனால் சிற்றலையில் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் எந்த ராத்திரி போய்க் கேட்டாலும் டிட், டா என்று யாரோ ஒருவர் அடித்துக்கொண்டிருப்பார். ஹாம்கள் இதை 'சிடபிள்யூ' என்பார்கள். குறைந்த மின்சாரத்தில், கைக்கடக்கமான கருவியில், கடல் தாண்டிப் போகும் பழைய வித்தை. அதற்கு ரசிகர்கள் குறையவே இல்லை.

மோகனூரையே எடுத்துக்கொள்வோம். நாமக்கல் மாவட்டம், காவிரிக் கரை, எதிர்க்கரையில் வாங்கல். கூட்டுறவு சர்க்கரை ஆலை, காந்தமலை முருகன். (பெயரிலேயே காந்தம் இருக்கிற மலை. ரேடியோ அலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியலை.) இங்கே வீட்டில் இருந்தபடியே ஐ.டி. வேலை பார்க்கும் ஒருவருக்கு மோர்ஸ் ஆசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கையில் கொஞ்சம் சேமிப்பு, வீட்டுக்குப் பின்னால் இரண்டு தென்னை மரம். எதை வாங்குவார்?

முதலில் லைசென்ஸ்

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு விஷயம். டிரான்ஸீவர் என்பது அனுப்பவும் வாங்கவும் செய்யும் கருவி. உரிமம் இல்லாமல் அதை வீட்டில் வைத்திருப்பதே சட்டப்படி தப்பு. 'ஆன்லைன்ல கிடைக்குதே' என்பது பதில் ஆகாது. விதிமுறைக்கு மாறாக வாக்கி டாக்கிகளை விற்றதற்காக 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனைத் தளங்களுக்கே நோட்டீஸ் அனுப்பியது.

அந்த மலிவு வாக்கி டாக்கிகளைப் பற்றி இன்னொரு சேதி: அவை விஹெச்எஃப், யுஹெச்எஃப் அலைவரிசையில் எஃப்எம் முறையில் பேசுவதற்கானவை. மோகனூரில் இருந்து கொழும்புக்கோ ஜப்பானுக்கோ மோர்ஸ் அடிக்க அவை உதவாது. அதற்கு ஹெச்எஃப், அதாவது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும் கருவி வேண்டும். இரண்டும் ஒன்று என நினைத்துப் பணத்தை விட்டவர்கள் நிறைய.

ஹாம் உரிமத்தை மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தின் டபிள்யூபிசி பிரிவு தருகிறது. விண்ணப்பம் 'சரல் சஞ்சார்' இணையதளம் வழியாக. 12 வயது நிரம்பினால் போதும். இரண்டு நிலைகள்: ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல். முதலாவதில் அதிகபட்சம் 50 வாட், இரண்டாவதில் 400 வாட். ஜெனரலுக்கு மோர்ஸ் தேர்வும் உண்டு, நிமிடத்துக்கு 8 சொற்கள். 2003-ல் சர்வதேச விதிகளில் மோர்ஸ் கட்டாயம் நீக்கப்பட்டது. அமெரிக்கா 2007-ல் முழுதாகவே கைவிட்டது. நாம் இன்னும் வைத்திருக்கிறோம். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. மோர்ஸ்மேல் ஆசைப்பட்டு வருபவருக்கு இது ஒரு தள்ளுவிசைதான்.

50 வாட் கணக்கை மனசில் வைத்துக்கொள்ளுங்க. ரெஸ்ட்ரிக்டட் கையில் இருக்கும்போது 100 வாட் ரேடியோவுக்குக் கொட்டிக் கொடுத்தால், பாதி சக்தியைத் தொடவே அனுமதி இல்லை.

ஏன் வாட் முக்கியம் இல்லை?

குரலில் பேசும்போது ரேடியோ சுமார் 2,500 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். குரலோடு சேர்ந்து அந்த அகலத்தில் இருக்கும் இரைச்சல் முழுவதும் உள்ளே வரும். மோர்ஸ் என்பது ஒரே ஒரு ஊதல் சத்தம், விட்டு விட்டு வருவது. அதற்கு 250 ஹெர்ட்ஸ் ஜன்னல் தாராளம். பத்தில் ஒரு பங்கு ஜன்னல், பத்தில் ஒரு பங்கு இரைச்சல். எதிர்முனையில் இருப்பவரும் இப்படிக் கேட்டால், உங்கள் 5 வாட் மோர்ஸ் அவர் காதுக்கு 50 வாட் குரல் போல எடுபடும். தோராயக் கணக்குதான், ஆனால் ஹாம்கள் தினமும் பார்க்கிற உண்மை.

அதனால் மோர்ஸ் ரேடியோவில் முதலில் பார்க்க வேண்டியது ஃபில்டர். 500 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் குறுகலான ஃபில்டர் உள்ளேயே இருக்கா, இல்லை தனியாக வாங்கிப் போடணுமா? குரலுக்கான அகல ஃபில்டர் மட்டும்தான் என்றால் ஒரே நேரத்தில் நாலைந்து பேர் அடிப்பது கேட்கும். கல்யாண மண்டபத்தில் போன் பேசுகிற கதை.

மோகனூர் மாதிரி ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கு. கிராமம்தானே, இரைச்சல் இருக்காது என்று நினைத்தால் ஏமாற்றம். எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், சோலார் இன்வெர்ட்டர், தரமில்லாத செல்போன் சார்ஜர் எல்லாமே சிற்றலையில் கரகரக்கும். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை விளக்கு வரிசைகளையும் சேர்த்துக்கொள்ளுங்க. ஐரோப்பிய ஹாம்கள் விமர்சனங்களில் அடித்துக்கொள்வது பக்கத்தில் இருக்கும் பலமான நிலையங்களின் தொந்தரவைப் பற்றி. நமக்கு அது அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை, சுற்றுவட்டாரத்தில் ஹாம்கள் குறைவு. நமக்கு எதிரி, தெரு மின்கம்பியும் பக்கத்து வீட்டு பல்பும்தான். வெளிநாட்டு மதிப்பெண் பட்டியலை அப்படியே நம்பி வாங்க வேண்டாம்.

இரண்டு டிட்டுக்கு நடுவில்...

அடுத்தது, விளம்பரங்களில் சின்ன எழுத்தில் இருக்கும் விஷயம்: அனுப்புவதில் இருந்து கேட்பதற்கு ரேடியோ எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது?

நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் ஒரு டிட்டின் நீளம் 150 மில்லிசெகண்ட். 20 சொல் வேகத்தில் வெறும் 60. டிட்டுக்கும் டிட்டுக்கும் இடையில் இருக்கும் இடைவெளியும் அதே அளவுதான். அந்த 60 மில்லிசெகண்டுக்குள் ரேடியோ கேட்கும் நிலைக்குத் திரும்பிவிட்டால், நீங்கள் அடித்துக்கொண்டிருக்கும்போதே எதிர்முனையில் அவர் குறுக்கிட்டால் காதில் விழும். இதை 'ஃபுல் பிரேக்-இன்' என்பார்கள். நேரில் பேசுவது போலவே இருக்கும். இது இல்லாத ரேடியோவில் நீங்கள் பாட்டுக்கு ஒரு நிமிஷம் அடித்து முடிப்பீர்கள், அவர் எப்போதோ போயிருப்பார்.

ரிலே வைத்து மாற்றும் ரேடியோக்கள் ஒவ்வொரு முறையும் 'டக் டக்' என்று சத்தம் போடும். ராத்திரி 11 மணிக்கு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அடித்தாலும் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். சிரிக்க வேண்டாம், இந்த டக் டக்கைப் பொறுக்க முடியாமல் ரேடியோவை மாற்றியவர்கள் உண்டு.

கையில் கிடைக்கும் கருவிகள்

நம் நாட்டுக் கருவியில் இருந்தே தொடங்கலாம். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆஷர் ஃபர்ஹான் (அழைப்புக் குறி விஊ2ஈஎஸ்ஈ) வடிவமைத்த 'பிட்எக்ஸ்' உலகம் முழுக்க ஹாம்களுக்குத் தெரிந்த பெயர். இறக்குமதிப் பாகங்கள் கிடைக்காத இடத்திலும் யாரும் செய்ய முடிகிற மாதிரி இருக்கணும் என்பதுதான் அவர் எண்ணம். முதல் வடிவமைப்பில் காயில் சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாய் வாஷரையே பயன்படுத்தினார்! பிறகு வந்த பலகைகளுக்குக் காயில் சுற்றிக் கொடுத்தது பெண்கள் குழு ஒன்று. 'மைக்ரோ பிட்எக்ஸ்' 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை, குரலுக்கும் மோர்ஸுக்கும் சேர்த்து, சுமார் 10 வாட். அறிமுக விலை 109 டாலர்.

ஆனால் மோர்ஸ் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் மைக்ரோ பிட்எக்ஸில் இரண்டு குறை. ஃபில்டர் குரலுக்கானது, மோர்ஸுக்குத் தனிக் குறுகல் ஃபில்டர் கிடையாது. மாற்றுவது ரிலே. ஒலிப் பக்கத்தில் ஒரு சின்ன ஃபில்டர் சேர்த்து முதல் குறையை ஓரளவு சமாளிக்கலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் எத்தனையாவது பதிப்பு என்று கட்டாயம் கேளுங்க. ஆரம்பப் பதிப்புகளில் தேவையற்ற அலைகள் அளவுக்கு மேல் வெளியேறின, 5-வது பதிப்பில்தான் அதைச் சரிசெய்தார்கள். சால்டரிங் ஆசையும், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆர்வமும் இருப்பவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. மோர்ஸ் மட்டும் போதும் என்பவருக்கு என் முதல் தேர்வு இது அல்ல.

அவருக்கு 'கியூசிஎக்ஸ்'. கியூஆர்பி லேப்ஸ் நிறுவனத்தின் ஹான்ஸ் சம்மர்ஸ் வடிவமைத்து 2017-ல் வந்த கிட். நீங்களே பாகங்களைப் பற்றவைத்துச் செய்ய வேண்டும். ஒரே ஒரு பேண்ட், மோர்ஸ் மட்டும், சுமார் 5 வாட். கேட்கவே சின்னதாக இருக்கும். ஆனால் உள்ளே 200 ஹெர்ட்ஸ் ஃபில்டர், ரிலே இல்லாத ஃபுல் பிரேக்-இன், பேடில் கீக்கான கீயர் எல்லாம் இருக்கு. லட்ச ரூபாய் ரேடியோவின் மோர்ஸ் குணங்களை ஒரு சோப்புப் பெட்டியில் அடைத்த மாதிரி.

லட்ச ரூபாய் ரேடியோ என்றால்? ஐகாம் ஐசி-7300 ஒரு உதாரணம். 2016-ல் வந்தது, 100 வாட், இங்கே விலை ஒரு லட்சத்தைத் தாண்டும். ஃபில்டரை விரும்பிய அகலத்துக்குச் சுருக்கலாம், ஃபுல் பிரேக்-இன் இருக்கு, யார் எங்கே அடிக்கிறார் என்று திரையிலேயே தெரியும். நல்ல ரேடியோ, சந்தேகமே இல்லை. ஜெனரல் உரிமம் வாங்கி, குரலும் மோர்ஸும் டிஜிட்டலும் வேண்டும் என்பவர் தாராளமாக வாங்கலாம். நடுவில் 20 வாட் ஷியேகு ஜி90 இருக்கு, உள்ளேயே ஆன்டெனா ட்யூனரோடு.

கரண்ட் போனால்?

2004 டிசம்பர் 26, சுனாமி. அந்தமானில் தொலைபேசி செத்துப்போனது. ஹைதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் பயணக் குழுவோடு பாரதி பிரசாத் அப்போது போர்ட் பிளேரில்தான் இருந்தார், பொழுதுபோக்காக ஹாம் ரேடியோ இயக்க வந்தவர். அன்றிலிருந்து அந்தக் குழுவின் ரேடியோதான் தீவுச் செய்திகளை வெளியே கொண்டு வந்த வழிகளில் ஒன்றாக இருந்தது.

அப்படி ஒரு நாளில் உங்கள் ரேடியோ எதில் ஓடும்? ஐசி-7300 முழு சக்தியில் அனுப்பும்போது 21 ஆம்பியர் வரை இழுக்கும், சும்மா கேட்கும்போதே கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர். யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி அதற்குக் காணாது. கியூசிஎக்ஸ் கேட்கும்போது எடுப்பது சுமார் 150 மில்லிஆம்பியர்தான். அதே பேட்டரியில் ஒரு நாள் முழுக்க ஓடிவிட்டு மிச்சமும் இருக்கும். வாங்குவதற்கு முன் விவரக் குறிப்பில் இந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்க. வாட் எண்ணைவிட அது அதிகம் சொல்லும்.

மிச்சமாகும் பணத்தில் கம்பி வாங்கணும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோல் ஆன்டெனாவின் நீளம் சுமார் 20 மீட்டர், 14 மெகாஹெர்ட்ஸுக்கு அதில் பாதி. இரண்டு தென்னைக்கு நடுவில் முடிந்த அளவு உயரத்தில் கட்டினால் போதும். சென்னை அபார்ட்மென்ட்காரருக்கு இல்லாத சொத்து அந்த மரங்கள். மின்கம்பிக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். அறுந்து விழுந்தாலும் அதன்மேல் படாத தூரம் இருக்கணும். மரம் காற்றில் ஆடும் என்பதால் கம்பியைக் கொஞ்சம் தளர்வாக விடுங்க, இல்லைன்னா முதல் ஆடிக்காற்றிலேயே அறுந்துடும்.

கீ விஷயத்தில் நீண்ட ஆராய்ச்சி வேண்டாம். மேலும் கீழும் அழுத்தும் சாதா கீயில் கற்றுக்கொள்ளுங்க, தேர்வு வேகத்துக்கு அது போதும். 15 சொல் தாண்டிய பிறகு பேடில் பற்றி யோசிக்கலாம்.

ஆக, நம் மோகனூர்க்காரருக்கு? 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு கியூசிஎக்ஸ் கிட், தென்னைக்கு நடுவில் 20 மீட்டர் கம்பி, பழைய யுபிஎஸ் பேட்டரி, காதை மூடும் நல்ல ஹெட்ஃபோன். பகலில் சென்னை, பெங்களூரு தூரம், ராத்திரியில் வானம் ஒத்துழைத்தால் கடல் தாண்டி. ஜெனரல் வாங்கிய பிறகும் ஆசை தீரவில்லை என்றால் பெரிய ரேடியோவைப் பார்த்துக்கொள்ளலாம்.

உரிமம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு வெப்எஸ்டிஆர் ரிசீவர் இருக்கு. செல்போன் பிரௌசரிலேயே திறந்து, 7.000 முதல் 7.030 மெகாஹெர்ட்ஸ் வரை மெதுவாக நகர்த்திப் பாருங்க. அதில் இருக்கும் ஃபில்டரைச் சுருக்கி, விரித்து, மேலே சொன்ன ஜன்னல் கதையை உங்கள் காதாலேயே சோதிக்கலாம். அப்போது டா-டிட்-டா-டிட், டா-டா-டிட்-டா என்று திரும்பத் திரும்பக் கேட்டால் அதுதான் 'சிக்யூ'. யாரோ ஒருவர் கேட்கிறார்: "யாராவது இருக்கீங்களா?"