ரப்பர் பாலும் வாழைப்பழமும்

குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் பொழுது விடியும் முன்பே பால் வெட்டக் கிளம்பிவிடுவார்கள். பட்டையில் கத்தி சாய்வாக இறங்கியதும் வெள்ளைப் பால் வழிந்து சிரட்டையில் சொட்டும். சில மணி நேரத்தில் அது தானாகவே நின்றுபோகும். மரம் தன் காயத்தை அடைத்துக்கொள்கிறது. அந்த வேலையில் பங்குள்ள புரதங்களில் ஒன்று ஹெவீன். பாலில் மிதக்கும் ரப்பர் துகள்களை ஒட்டவைப்பதோடு, வெட்டுவாய் வழியே நுழையப் பார்க்கும் பூஞ்சையின் கைட்டின் சுவரைப் பற்றிக்கொண்டு அதை வளரவிடாமல் தடுக்கவும் செய்கிறது.

மரத்துக்கு மருந்தாகும் இந்தப் புரதமும் இதன் கூட்டாளிகளும்தான் சிலருக்கு வினையாகின்றன. ரப்பர் பாலில் புரதம் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். ஆனால் கையுறை, பலூன், ஆணுறை எல்லாம் அச்சைப் பாலில் முக்கியெடுத்துச் செய்பவை. எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் தங்கிவிடும். டயர் போன்ற கெட்டி ரப்பரில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. அலர்ஜி உள்ளவரின் உடல் இந்தப் புரதத்துக்கு எதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை ஏற்கெனவே உருவாக்கி வைத்திருக்கும். பலூன் ஊதிய சில நிமிடங்களில் உதடு வீங்கும், தோல் தடிக்கும், மூக்கு ஒழுகும். சிலருக்கு மூச்சு திணறி, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

இதில் வாழைப்பழம் எங்கே வந்தது? வாழை, அவகாடோ, கிவி போன்றவற்றிலும் ஹெவீனுக்கு உறவான தற்காப்புப் புரதங்கள் இருக்கின்றன. எதிர்ப்பொருளால் அண்ணன் தம்பியைப் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. ரப்பர் அலர்ஜி உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்காவது ஏதேனும் ஒரு பழம் ஒத்துக்கொள்வதில்லை. அதற்காக எல்லாப் பழத்தையும் ஒதுக்க வேண்டியதில்லை. சாப்பிட்டால் வாய் அரிக்கும் பழத்தை மட்டும் விட்டால் போதும்.

அறுவை அறைக்கு ரப்பர் கையுறை வந்ததே தோலைக் காப்பாற்றத்தான். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கிருமிநாசினி பட்டுப் பட்டுக் கை புண்ணான செவிலியர் கரோலின் ஹாம்ப்டனுக்காக, 1890-ஐ ஒட்டி குட்இயர் நிறுவனத்திடம் சொல்லிச் செய்யவைத்தார் டாக்டர் வில்லியம் ஹால்ஸ்டெட். (பிறகு அவரையே மணந்துகொண்டார்.) அடுத்த நூறாண்டு பெரிய சிக்கல் ஏதும் எழவில்லை. எய்ட்ஸ் பயம் பரவி, எந்த நோயாளியின் ரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருத வேண்டும் என்ற நெறிமுறை 1987-இல் வந்ததும் கையுறைகள் மலைமலையாகத் தேவைப்பட்டன. அதோடு அலர்ஜியும் பெருகியது.

இங்கே பெரிய குற்றவாளி மாட்டக் கழற்ற வசதியாகக் கையுறைக்குள் தூவிய சோளமாவுப் பொடிதான் என்பேன். ரப்பர் புரதம் அந்தப் பொடியில் ஒட்டிக்கொள்ளும். கையுறையைச் சட்டென்று உருவும்போது பொடி காற்றில் பறக்கும். கையுறையே போடாமல் அறைக்குள் வந்தவருக்கும் இழுப்பு வரும். ஜெர்மனி 1990-களின் கடைசியில் பொடியுள்ள ரப்பர் கையுறைக்குக் கட்டுப்பாடு விதித்ததும் மருத்துவப் பணியாளர்களிடையே புதிய அலர்ஜி நன்றாகக் குறைந்தது. அமெரிக்கா பொடி போட்ட மருத்துவக் கையுறைகளுக்கு 2017-இல் தடையே போட்டது. அலர்ஜி விஷயத்தில் இவ்வளவு எளிய தீர்வு அபூர்வம்.

கையுறை போட்டுக் கை அரிப்பவர்களுக்கெல்லாம் இந்த அலர்ஜி இருப்பதாக எண்ண வேண்டாம். வியர்வையும் அடிக்கடி கை கழுவுவதுமே பலருக்குத் தோலைக் கெடுத்துவிடும். இன்னும் சிலருக்கு ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் தையூரம் முதலிய ரசாயனங்கள் ஒத்துக்கொள்ளாது; ஓரிரு நாள் கழித்துக் கரப்பான் போலப் புண் வரும். இது தொல்லைதானே தவிர, உயிருக்கு ஆபத்தில்லை. நைட்ரைல் கையுறைக்கு மாறியும் அரிப்பு போகாதவர்கள் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும், ஏனெனில் நைட்ரைலிலும் அத்தகைய ரசாயனங்கள் இருக்கலாம். எது என்று தோல் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் சொல்லும்.

புரத அலர்ஜி உறுதியானால், அதை அடியோடு நீக்கும் மருந்து கிடையாது, விலகியிருப்பதே வழி. நைட்ரைல், வினைல் கையுறைகளும் பாலியுரேத்தேன் ஆணுறைகளும் இருக்கின்றன. சுவருக்கு அடிக்கும் லேடெக்ஸ் பெயின்ட் செயற்கைப் பொருள் என்பதால் அதைக் கண்டு பயப்பட வேண்டாம். மூச்சு திணறினால் அலர்ஜி மாத்திரையை நம்பிக் காத்திருக்கக் கூடாது; அட்ரினலின் ஊசிதான் உயிரைக் காக்கும்.

அறுவை சிகிச்சைக்கோ பல் பிடுங்கவோ பிரசவத்துக்கோ போகிறவர்கள், பலூன் ஊதி உதடு வீங்கியதுண்டு, கையுறை பட்டுத் தடித்ததுண்டு என்றால் கேட்காவிட்டாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பிறவியிலேயே முதுகுத்தண்டு மூடாமல் பலமுறை அறுவை செய்துகொண்ட குழந்தைகளின் பெற்றோர் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அலர்ஜி வரும் வாய்ப்பு அவர்களுக்குத்தான் மிக அதிகம். தெரிந்துவிட்டால் ரப்பர் கையுறையும் ரப்பர் குழாயும் அகற்றிய அறையில், காலையில் முதல் ஆளாக அறுவை செய்ய ஏற்பாடு செய்வார்கள்.