வனாந்தரம் என்றால் மணலா, மரமா?



காட்டுப்பாக்கம், பூந்தமல்லி, ஆவடி பகுதிச் சபைகளிலிருந்து பரிசுத்த தேசத்துக்குப் புனிதப் பயணம் செல்கிறவர்கள், புறப்படுமுன் ஜெபத்துக்காக எங்களிடம் வருவதுண்டு. பெத்லகேமைப் பற்றியும் கலிலேயாக் கடலைப் பற்றியும் நிறையக் கேட்பார்கள். யூதேயா வனாந்தரத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள் குறைவு. பேருந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே சவக்கடலுக்குப் போய்விடுகிற அரைநாள் காரியம் அது. விசுவாசத்தில் ஆழப்படவே போகிறோம் என்கிறவர்கள் அந்த அரைநாளை இரண்டு நாளாக்கிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

முதலில் சொல்லைக் கவனிப்போம். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் 'வனாந்தரம்' என்று வாசிக்கிறோம். வனம் என்றதும் மனதில் மரம் வந்து நிற்கிறது. ஊர்ப் பெயரிலேயே காட்டை வைத்திருக்கிற நமக்குச் சொல்லவே வேண்டாம். 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'பாலைநிலம்' என்கிறது. அதைக் கேட்டால் ராஜஸ்தான் மணல்மேடுகள் நினைவுக்கு வருகின்றன. இரண்டும் சரியான படம் அல்ல. எபிரெய மொழியில் அது 'மித்பார்'. குடியிருக்கவும் உழவும் உதவாது. ஆனால் மழைக்குப்பின் சில வாரங்கள் புல் முளைத்து ஆடு மேய்க்க உதவும். மொட்டைச் சுண்ணாம்புக்கல் மலைகள், நடுவே வறண்ட ஓடைகள், அவ்வளவுதான். எலியா சோர்ந்துபோய் உட்கார்ந்த சூரைச்செடியும் நம்மூர் முள் சூரை அல்ல. இலையே இல்லாததுபோல் நிற்கும் ஒரு புதர். அதன் நிழலும் அப்படித்தான்.

இந்த வறட்சிக்குக் காரணம் மலைதான். மத்தியதரைக் கடலிலிருந்து குளிர்காலத்தில் வரும் மழைமேகம் எருசலேம் மலைமேல் பொழிந்துவிடுகிறது. கிழக்குச் சரிவுக்கு மிச்சமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் பசுமையாயிருக்க, இந்தப் பக்கம் நம் தென்மாவட்டங்களில் பல இடங்கள் தென்மேற்குப் பருவத்தில் காய்ந்துகிடப்பது போலத்தான். எருசலேமில் ஆண்டுக்குச் சுமார் 550 மில்லிமீட்டர் மழை. சவக்கடல் ஓரத்தில் 100-கூட இல்லை. எருசலேமில் பெய்த மழை திடீரென்று ஓடை வழியே இறங்கி, வெயிலில் நடப்பவனை அடித்துக்கொண்டு போவதும் உண்டு.

எருசலேமிலிருந்து எரிகோவுக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். காட்டுப்பாக்கத்திலிருந்து பாரிமுனைக்குப் போவதைவிடச் சற்று அதிகம். எருசலேம் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 750 மீட்டர். எரிகோ கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 250 மீட்டர். இந்தச் சிறு தூரத்தில் 1,000 மீட்டர் இறக்கம்! ஏலகிரியிலிருந்து ஜோலார்பேட்டைக்கு இறங்குவதைவிட அதிகம். லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் அந்த மனுஷன் எரிகோவுக்கு 'இறங்கி'ப் போனான் என்று கர்த்தர் சொன்னது பேச்சு வழக்கு அல்ல, கண்ணால் காணும் உண்மை.

அந்த வழியில் நின்று பார்த்தால்தான் உவமையின் பாரம் தெரியும். ஆஸ்பத்திரியில் காயங்களைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு முதலில் தோன்றியது இதுதான்: அந்த மனுஷனுடைய காயங்கள் லேசானவையாக இருந்திருந்தாலும், வஸ்திரமில்லாமல், தண்ணீரில்லாமல், அந்த வெயிலில் அவன் எத்தனை நேரம் தாங்கியிருப்பான்? விலகிப்போனவர்கள் அவனை அப்படியே விட்டுப்போகவில்லை, சாகவே விட்டுப்போனார்கள். சமாரியன் காயம் கட்டியதோடு நிற்கவில்லை. தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் சேர்த்தான், இரண்டு பணம் கொடுத்தான். மத்தேயு 20-ன்படி அது இரண்டு நாள் கூலி. மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றும் சொன்னான். எங்கள் வார்டுகளில் மீதிச் செலவை ஏற்றுக்கொள்ளும் உங்களுக்கு அந்த வசனத்தை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சாலையோரம் 'நல்ல சமாரியன் சத்திரம்' என்று காட்டும் இடம் இப்போது பழைய மொசைக் தரைகளின் காட்சியகமாக இருக்கிறது. சத்திரம் இதுதானா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. சாலையைப் பற்றிச் சந்தேகமில்லை.

1947-ல் தோல்சுருள்கள் அகப்பட்ட கும்ரான் குகைகளையும், எரிகோவுக்கு மேலே நிற்கும் சோதனை மலையையும் வழிகாட்டிகளே காட்டிவிடுவார்கள்.

இனி சரீர காரியம். சென்னையில் வியர்வை வழிகிறது. அதனால் தண்ணீர் குடிக்கிறோம். வனாந்தரத்தின் உலர்ந்த காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால், உடம்பு நீரை இழப்பது தெரிவதில்லை. வயதானவர்களுக்குத் தாகமும் குறைவாகவே தெரியும். போதாததற்கு, கழிப்பறை கிடைக்குமோ என்று பயந்து நம் தாய்மார் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். நீர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது ஆபத்து. மயங்கி விழும் வரை யாரும் கவனிக்கமாட்டார்கள். தாகம் எடுக்காவிட்டாலும் மணிக்கொருமுறை குடிக்கவேண்டும். இன்சுலினை வெயில்படும் பேருந்தில் விட்டுவிட்டு இறங்கக்கூடாது. மாத்திரையைச் சொந்தமாக நிறுத்துவதோ குறைப்பதோ கூடாது. இருதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ வைத்தியம் பார்த்துக்கொள்பவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் டாக்டரிடமே கேட்கவேண்டும். சிலரை நாங்கள் போகவேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறோம். கோபித்துக்கொண்டார்கள், பரவாயில்லை.

செலவைப் பற்றியும் கேட்கிறார்கள். தமிழக அரசு 2011-ல் அறிவித்த எருசலேம் பயண உதவித் திட்டத்தில் ஒருவருக்கு 20,000 ரூபாய் தரப்பட்டது. பின்னர் அது 37,000 ஆகவும், அருட்சகோதரிகளுக்கு 60,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. சிறுபான்மையினர் நலத்துறையில் விசாரிக்கலாம். 2023 அக்டோபரில் போர் தொடங்கியதும் பல குழுக்களின் பயணங்கள் ரத்தாயின என்பதால், முன்பணம் கட்டுமுன் நிலவரத்தை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

போகிறவர்கள் ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பாருங்கள். மாத்திரைச் சீட்டில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் குழுத் தலைவரிடம் கொடுத்து வையுங்கள்.