கடல்கோள்

‘சுனாமி’ யப்பானியச் சொல். துறைமுக அலை என்பது பொருள். நம்மவர் ‘ஆழிப்பேரலை’ என்பர். எனக்கோ பழைய ‘கடல்கோள்’ என்பதே உவப்பானது. ‘கோள்’ முதனிலை திரிந்த தொழிற்பெயர்; கொள்ளுதல் என்று மாணாக்கருக்கு உரைப்பேன். காற்றெழுப்பும் அலை கடலின் மேற்பரப்பையே அசைக்கும். இதுவோ அடிவரையுள்ள நீர் முழுவதையும் நகர்த்துவது.

2004 டிசெம்பர் 26இல், சுமாத்திராவை அடுத்து ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்கு, நெடுங்காலம் நெருக்குண்டிருந்த நிலத்தட்டின் விளிம்பு விடுபட்டு மேலெழ, கடலும் உடனெழுந்தது. ஆழ்கடலில் ஒரு மீற்றரும் உயராது ஆகாயவிமானத்தின் விரைவிற் பரந்தது. கரையை அணுகி ஆழங் குறையவே, வேகந் தளர்ந்து உயர்ந்தது. இரண்டு மணி நேரமளவில் நம் கீழ்க்கரையை எய்தியது. நீர் ஒருமுறை வந்து வடிவதோடு இது முடிவதில்லை. தென்மேற்கே பெரலியாவில், முதலலைக்கு அஞ்சிப் புகைவண்டியில் ஏறிக்கொண்டோரை, அதனினும் பெரிதாய் வந்த அடுத்த அலையே கொண்டது.